கைராசி இல்லாதவள்

ஜனவரி 9

தீவனப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவர்களுக்கு,

இத்துடன் ஒரு பை காய்ந்த குதிரைமசால் புல் அனுப்பியிருக்கிறேன். என் நிலத்தில் விளைந்தது. வெட்டி, காயவைத்து, கட்டாகக் கட்டிக் கொட்டகையில் அடுக்கியது. மழை பொய்த்து மேய்ச்சல் கருகிப் போனதிலிருந்து என் செம்மறிகளுக்கு இதுதான் சாப்பாடு. இப்போது அவை குட்டி போடுகிற நேரம். போட்டவரை பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் விழுகின்றன. தாயின் மடியில் சீம்பால்கூட ஊறவில்லை. இன்னும் குட்டி போடாத ஆடுகள் நிறைய இருக்கின்றன.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். தவறு இந்தப் புல்லில் இருக்கிறதா, இல்லையா?

இந்தப் பை யாருடைய மேசைக்கு வரும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் புல்லைச் சோதிக்கிற இடம் அது ஒன்றுதான். இன்னொன்று இருந்திருந்தால் அங்கே அனுப்பியிருப்பேன். ஆகவே, புல்லைப் பற்றி மட்டும் பதில் எழுதினால் போதும். சொந்தக் கதை எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
பைக்கு உரியவள்

*

ஜனவரி 16

பைக்கு உரியவர் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய குதிரைமசால் சோதிக்கப்பட்டது. ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு புரதம். நல்ல அளவு. நார் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். பூத்து முற்றிய பிறகு வெட்டியிருந்தால் அப்படி வரும். பூஞ்சை இல்லை, மண் கலப்பு இல்லை. சினை ஆடுகளுக்கு இந்தத் தீவனம் போதுமானது. முத்திரையிட்ட அறிக்கை தனியாக இணைக்கப்பட்டுள்ளது.

அவ்வளவுதான் கேட்டாய், அவ்வளவும் சொல்லிவிட்டேன். இனிமேல் 'தாங்கள்' என்று எழுத என்னால் முடியாது, அக்கா.

இரண்டு வருஷமாக என் எண்ணைப் பார்த்தாலே துண்டித்துவிடுகிறாய். ஒரு பை புல்லுக்காவது என் ஞாபகம் வந்ததே என்று சந்தோஷப்படுவதா, "பைக்கு உரியவள்" என்று கையெழுத்துப் போட்டதற்கு அழுவதா என்று தெரியவில்லை. பையைப் பிரித்ததும் நம் கொட்டகை வாசனை குப்பென்று வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர், "என்னம்மா, தூசி கண்ணுல பட்டுடுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

குடற்புழு பார்த்தாயா? டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டு. காரணம் வேறு ஏதாவது இருக்கும். அன்றைக்கு நம் வீட்டுக் கூடத்தில் நான் சொன்னதைப் பற்றி எழுத நினைத்தேன். எழுதினால் நீ மிச்சத்தைப் படிக்காமல் கிழித்துவிடுவாய் என்று விட்டுவிட்டேன்.

உன்
ராசி

*

ஜனவரி 24

ராசிக்கு,

அந்தப் பேரை இன்னும் விடவில்லையா நீ? அப்பா வைத்த பட்டம், சும்மா விடுவாயா!

ஆக, புல் நல்ல புல். முத்திரை போட்டுச் சொல்லிவிட்டாய். டாக்டரும் வந்து பார்த்துவிட்டார். புழு இல்லையாம், காய்ச்சல் இல்லையாம். "தீனி எப்படி?" என்றார். உன் அறிக்கையைக் காட்டினேன். "அப்ப தீனில ஒண்ணும் குறையில்லையேம்மா" என்று மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். புல்லிலும் இல்லை, நோயிலும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது என் கை ஒன்றுதான்.

அன்றைக்குக் கூடத்தில் நீ சொன்னதை எழுத வேண்டாம், எனக்கு ஓர் எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. அப்பா போய்ச் சில நாள்கூட ஆகவில்லை. சித்தப்பா, மாமா எல்லாரும் உட்கார்ந்து மந்தையை என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நீதான் வாயைத் திறந்தாய். "அக்கா கைல மந்தை தேறாது, வித்துடலாம்." அப்பா சொன்னதைத்தான் நீயும் சொன்னாய். ஆனால் அப்பா என்னைத் தனியாகத் திட்டுவார். நீ அத்தனை பேர் முன்னால் சொன்னாய்.

குட்டி போடும்போது என்னைக் கொட்டகைக்குள் விடமாட்டார் அப்பா. உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் வெந்நீர் வைத்துக் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். தொட்டால் துலங்காத கை என்பார். நீ உள்ளே இருப்பாய். குட்டி உயிரோடு வந்ததும் "ராசி! ராசி!" என்று அவர் கத்துவது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்கும். இத்தனை வயசான பிறகும் நான் குட்டியைத் தொடுவதில்லை. பால்காரர் மனைவியைக் கூப்பிட்டுத்தான் இழுக்கச் சொல்கிறேன். அப்படியும் சாகிறது. ஒரே கூரைக்குக் கீழே நான் இருந்தாலே போதும் போலிருக்கிறது.

இன்னொன்று. நார் கூடுதல், முற்றவிட்டு வெட்டினாயா என்று கேட்டிருக்கிறாய். பூ எடுப்பதற்கு முன்பே வெட்டியாயிற்று. எல்லாம் அப்பா செய்த மாதிரியேதான் செய்தேன். நன்றாகக் காய்ந்தால் இலை உதிர்ந்து வெறும் குச்சி மிஞ்சும் என்று, இலை மெத்தென்று இருக்கும்போதே கட்டினேன். புல் அப்படியே சர்க்கரைப் பாகு வாசனை அடிக்கிறது. செம்மறிகள் தொட்டியில் ஒரு குச்சி மிச்சம் வைப்பதில்லை. இதைவிடக் கண்ணும் கருத்துமாக யார் பார்ப்பார்கள்? வெள்ளாடுகளுக்கு மட்டும் ஒரு கேடும் இல்லை, கொழுகொழுவென்று இருக்கின்றன. வக்கீல் என்று ஒரு திருட்டு வெள்ளாடு. வேலியைப் பிரித்துக்கொண்டு மற்றதையும் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தோப்பில் தழை தின்றுவிட்டு, கேட்டால் நியாயம் பேசுகிற மாதிரி கத்தும். அதன் கூட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சொன்ன பேச்சுக் கேட்டுத் தொட்டியில் தின்கிற செம்மறிதான் சாகிறது.

தரகரை வரச் சொல்லியிருக்கிறேன். வயிற்றில் இருப்பதாவது வேறு கையில் பிழைக்கட்டும். நீ நினைத்தது நடக்கப் போகிறது.

அக்கா

*

பிப்ரவரி 1

அக்கா,

விற்காதே. முதலில் இதைப் படி. விற்காதே.

காலையிலிருந்து எத்தனை முறை கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. எடுக்கவில்லை. அதனால் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

உன் கடிதத்தில் சர்க்கரைப் பாகு என்ற இடத்துக்கு வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். மிச்சம் வைத்திருந்த உன் புல்லை எடுத்து, யாருடையது என்று சொல்லாமல் பக்கத்து மேசைக்காரரிடம் மோந்து பார்க்கச் சொன்னேன். ஒரு நொடிதான். "யார் சரக்கு இது? சூடேறினது. ஈரத்தோட கட்டியிருக்காங்க" என்றார். நானும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். வேறு யார் பையாக இருந்தாலும் சொல்லியிருப்பேன். இது என் தொழில், அக்கா. அந்த வாசனை வந்தால் கூடுதலாக ஒரு சோதனை செய்ய வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் உன் பையைப் பிரித்தபோது எனக்கு அது சூடேறிய புல் என்றே தோன்றவில்லை. வீடு என்றுதான் தோன்றியது.

நேற்று அந்தச் சோதனையைச் செய்தேன். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். இலை மெத்தென்று இருக்கும்போது கட்டினால் உள்ளே ஈரம் தங்கிவிடும். அடுக்கி வைத்த பிறகு கட்டு உள்ளுக்குள்ளேயே புழுங்கிச் சூடாகும். அந்தச் சூட்டில் புரதம் நாரோடு ஒட்டிக்கொள்ளும். நார் கூடுதலாக வந்ததும் அதனால்தான். எங்கள் முதல் சோதனை புரதம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் எண்ணும், அது ஆட்டுக்குக் கிடைக்குமா என்று பார்க்காது. காகிதத்தில் பதினெட்டு என்று இருக்கும். உன் புல்லில் அதில் பாதிகூட ஆட்டுக்குச் சேராது, மிச்சம் அப்படியே புழுக்கையில் போய்விடும். இனிப்பு வாசனைக்கு ஆடு ஆசையாகத் தின்னும். வயிறு நிறைய நிறையப் பட்டினி கிடக்கும். வயிற்றில் குட்டி வளர்கிற கடைசி நாட்களில் அந்தப் பட்டினி தாங்காது. தழை தின்னப் போன வெள்ளாடுகள் தப்பித்ததற்கு வேறு காரணம் வேண்டுமா?

உன் கை இல்லை, அக்கா. உன் கை இல்லவே இல்லை.

ஒரு கட்டைப் பிரித்து நடுவில் பார். பழுப்பாக இருந்தால் நான் சொல்வது சரி. இன்றிலிருந்தே புண்ணாக்கும் உடைத்த தானியமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடு, ஒரேயடியாகக் கொட்டாதே. தழை வெட்டிப் போடு. நிற்கிற ஆடுகளைக் காப்பாற்றிவிடலாம்.

இன்னொன்றை எழுதாமல் முடிக்க மனசு வரவில்லை. நம் கொட்டகை என்றைக்கு அந்த வாசனை இல்லாமல் இருந்தது? நமக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா அப்படித்தான் கட்டினார்.

தங்கை

*

பிப்ரவரி 8

உன் தபால் வந்தபோது கொட்டகை காலி.

முந்தின நாள்தான் தரகர் வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனார். தீவனம் எப்படி என்று கேட்டார். நான் உன் முதல் அறிக்கையை எடுத்து நீட்டினேன். முத்திரையைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் பல். ஒரு புல் கட்டிலிருந்து ஒரு பிடி உருவி மோந்து பார்த்தார். "இப்படி வாசனையா ஒரு புல்லை நான் பார்த்ததே இல்லம்மா. இதையும் சேர்த்துக் குடுத்துடுங்க" என்றார். கொடுத்துவிட்டேன். என் ஆடுகளும் அந்தப் புல்லும் ஒரே வண்டியில் போயின.

உன் கடிதத்தைப் படித்ததும் அவரைக் கூப்பிட்டேன். அந்தப் புல்லைப் போடாதீர்கள், அது சரியில்லை என்றேன். சிரிக்கிறார். "கொடுத்த பிறகு மனசு வரலையாம்மா? நீங்க காட்டின காகிதம் என் பையிலதான் இருக்கு" என்கிறார்.

கதவோரத்தில் ஒரு கட்டு தவறிக் கிடந்தது. பிரித்தேன். நடுவில் புகையிலை மாதிரி இருந்தது. வெளியே பச்சை, உள்ளே அப்படி. இத்தனை நாள் நான் அதைத்தான் அள்ளிப் போட்டிருக்கிறேன். பிரிக்கும்போதே பார்த்திருக்கிறேன் என்பதுதான் வயிற்றெரிச்சல். நல்ல கட்டு என்றால் நடுவில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு மாதிரி இருந்து நான் பார்த்ததே இல்லையே.

அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். செத்தவர் தலையில் கட்டுவது சுலபம். அப்பா தவறு என்றால் உனக்கு மட்டும் எப்படி ராசி வந்தது? அதே கொட்டகை, அதே புல். நீ இருந்தபோது பிழைத்தது, நான் மட்டும் இருந்தபோது செத்தது. இதற்கு உன் மேசையில் என்ன சோதனை இருக்கிறது? என்னைச் சமாதானப்படுத்துவதற்காகக் கதை கட்டாதே. இப்போது எனக்கு ஆடும் இல்லை, சமாதானமும் வேண்டாம்.

வெள்ளாடுகளையும், ஒரு கால் விளங்காத நொண்டிச் செம்மறி ஒன்றையும் அவர் எடுக்கவில்லை. "காலும் சரியில்ல, சினையும் இல்ல, இது எதுக்கு?" என்றார். அது என்னோடு நிற்கிறது.

*

பிப்ரவரி 12

அக்கா,

இரண்டாவது அறிக்கையை முத்திரை போட்டுத் தரகருக்கு அனுப்பிவிட்டேன். முதல் அறிக்கை என் தவறு என்று என் பெயரிலேயே எழுதினேன். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார், சொன்னேன். அவர் திட்டியது எதுவும் எனக்கு உறைக்கவில்லை. தரகரிடமிருந்து பதில் இல்லை. நாளைக்கும் கூப்பிடுவேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். எனக்கு மட்டும் எப்படி ராசி வந்தது என்று கேட்டாய். மூன்று நாளாக அதையேதான் யோசித்தேன்.

அம்மா போனதும் உன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார் அப்பா. என்னை விடுதியில் சேர்த்தார். நான் வீட்டுக்கு வந்தது அரையாண்டு விடுமுறைக்கு மட்டும்தான், கோடையில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்த விடுமுறை எப்போது வரும் என்று நினைத்துப் பார். மழை முடிந்து, காடெல்லாம் பச்சையாக இருக்கும். நீதான் என்னை அழைத்துப் போக ஓடை வரைக்கும் வருவாய், இரண்டு பேரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தண்ணீரைக் கடப்போம். ஆடுகள் பச்சைப் புல் தின்று பால் சுரந்து நிற்கிற காலம் அது. அப்போது யார் கை வைத்தாலும் குட்டி பிழைக்கும். மேய்ச்சல் காய்ந்து, கொட்டகைப் புல்லைத் தின்று குட்டி போட்டவை எல்லாம் நான் விடுதியில் இருந்தபோது போட்டவை. அங்கே நீ மட்டும்தான் இருந்தாய்.

என் ராசி அவ்வளவுதான், அக்கா. விடுமுறை. அதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் உன் முன்னால் தலையை நிமிர்த்தி நடந்திருக்கிறேன். கூடத்தில் அத்தனை பேர் முன்னால் அதை நம்பித்தான் பேசினேன். அந்தப் பேரில் இனிக் கையெழுத்துப் போடமாட்டேன்.

நான் வரட்டுமா? வேண்டாம் என்றாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் தங்கை

*

பிப்ரவரி 20

தங்கைக்கு,

உடனே எழுதவில்லை. ஓடை என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வருவாய், நனைந்த பாவாடையைப் பிழிந்து காயப்போடுவது நான்தான். அது பச்சைக் காலம் என்று எனக்குத் தோன்றவே இல்லை பார். நீ வந்ததால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். அப்பா மட்டும் சொல்லவில்லை, நானும் நம்பினேன்.

தரகரே கூப்பிட்டார். ஏற்றிக்கொண்டு போனதில் ஏழெட்டு விழுந்துவிட்டதாம். வயிற்றில் குட்டியோடு. உன் இரண்டாவது காகிதம் போன பிறகுதான் புல்லை மாற்றியிருக்கிறார். மிச்சம் நிற்குமா தெரியாது. என்னைத் திட்டவாவது செய்வார் என்று நினைத்தேன். "உங்க மேல தப்பில்லம்மா, வாசனைல நானும் ஏமாந்துட்டேன்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் மோசமாகப் போய்விட்டது. ஒவ்வொன்றையும் எனக்கு முகம் தெரியும்.

நொண்டியைப் பற்றி எழுதினேன் அல்லவா. தரகர் கண்ணுக்கே தப்பியிருக்கிறது, அது சினை. தொட்டியில் மற்றதோடு முட்டி மோதித் தின்ன முடியாமல் எப்போதும் வக்கீல் பின்னால் நொண்டிக்கொண்டே தோப்புக்குப் போய்விடும், நான்தான் திட்டித் திட்டி ஓட்டிக்கொண்டு வருவேன். நேற்றுக் காலை வலி எடுத்துவிட்டது. பால்காரர் மனைவியைக் கூப்பிட ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. திரும்பி வந்தால் குட்டியின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது, தலை திரும்பிக் கிடக்கிறது. வெந்நீர் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். வைத்துவிட்டுக் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். யாருக்காக நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே யாரும் இல்லையே.

அது கத்தியது. அப்புறம்தான் உள்ளே போனேன்.

ஆட்டுக்குள் கை விட்டால் அவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நீ ஒருநாளும் சொன்னதில்லை. தலையைத் தேடித் திருப்புவதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. இரண்டு குட்டி. முதலாவது செத்துத்தான் வந்தது. நான் தாமதித்ததாலா, அது முன்பே போய்விட்டதா என்று தெரியாது. கதவுக்கு வெளியே நான் நின்ற நேரத்துக்கு அது விலை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது வந்ததும் தும்மியது. இப்போது நிற்கிறது. பால் குடித்துவிட்டது, மடியில் பால் இருக்கிறது.

நான் கையைக் கழுவாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு என்ன நினைத்தேனோ, எழுந்து அப்பா படுத்திருந்த அறைக்குப் போனேன். அவரிடம் கையைக் காட்டத்தான் போனேன் என்று கதவைத் திறந்த பிறகுதான் எனக்கே புரிந்தது. கட்டில் மேல் பழைய சாக்கு அடுக்கி வைத்திருக்கிறேன்.

நீ வா. வரும்போது புல் கட்டைத் துளைத்து மாதிரி எடுக்கிற குழாயைக் கொண்டு வா. தரகர் பார்க்காமல் விட்ட இரண்டு மூன்று கட்டு வெள்ளாட்டுத் தொழுவத்தில் இருக்கிறது, எல்லாவற்றிலும் எடுத்துப் பார்த்துவிடு. குட்டி பெட்டை. பேர் வைக்கவில்லை, ராசி என்று மட்டும் வைக்கப் போவதில்லை.

அக்கா